மகள் கேட்கும் டெய்லர் ஸ்விஃப்ட் எனக்கும் பிடித்துவிட்டதே!

கேள்வி:

எனக்கு வயது 47. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. இளையராஜா பாட்டிலும் ரஹ்மான் பாட்டிலும் வளர்ந்தவள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு டெய்லர் ஸ்விஃப்ட் என்றால் உயிர். அலமாரிக் கதவில் அவர் படம், மணிக்கட்டு நிறையப் பாசி கோத்த கயிறு, பரீட்சைக்குப் படிக்கும்போதும் காதில் ஹெட்போன். நானும் அவ்வப்போது கேட்டுப் பார்த்தேன். எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருந்தது. பாடுகிறாரா, பேசுகிறாரா என்றே தெரியவில்லை. பாதிப் பாட்டில் காதலனைத் திட்டுகிறார், மீதிப் பாட்டில் அவனை நினைத்து அழுகிறார். “இதுல என்னடி இருக்கு?” என்று கேட்டால், “போம்மா, உனக்குப் புரியாது” என்பாள்.

போன லீவில் குற்றாலம் போகும்போது காரில் ஒரு பாட்டைப் போட்டாள். இறந்துபோன பாட்டியைப் பற்றியதாம், பெயர் ‘மார்ஜரி’. கேட்டுக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டேன். என் அம்மா தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நானே தேடிக் கேட்கிறேன். இந்தப் பாட்டுகளில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா, இல்லை மகள் மேல் உள்ள பாசத்தில் எனக்கு அப்படித் தோன்றுகிறதா? முறையாகக் கேட்க எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? எனக்குப் பிடித்துவிட்டது என்று அவளிடம் சொல்லலாமா?

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

சரக்கு இருக்கிறது. நீங்கள் இத்தனை நாள் அதை வேறு இடத்தில் தேடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் பழைய புகாரிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அதிலும் தப்பில்லை. ஸ்விஃப்டின் பல பாட்டுகள் மூன்று நான்கு கார்டுகளையே (சுரக்கூட்டுகளையே) சுற்றிச் சுற்றி வருகின்றன. மெட்டு பெரிதாக ஏறி இறங்காது. ஒரே சுரத்தில் பத்துப் பன்னிரண்டு அசைகளை அடுக்கிக்கொண்டே போவார். ராஜாவிடம் பழகிய காது எதைத் தேடும்? பல்லவி முடிந்ததும் வயலின்கள் என்ன செய்கின்றன, அடியில் பாஸ் கிட்டார் தனியாக என்ன கதை சொல்கிறது, இரண்டாவது இன்டர்லூட் எந்த ராகத்துக்குத் தாவுகிறது என்று தேடும். ஸ்விஃப்டிடம் அப்படித் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். வாத்தியங்கள் அங்கே பெரும்பாலும் பாடுகிறவரின் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கின்றன.

காரணம், பாட்டு உருவாகும் விதம். நம் சினிமாப் பாட்டில் மெட்டு ஒருவருடையது, வரி இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது, திரையில் வாயசைப்பவர் நான்காமவர். சூழ்நிலையை டைரக்டர் சொல்வார். மெட்டு பெரும்பாலும் வரிக்கு முன்னால் பிறந்துவிடும். ஸ்விஃப்ட் வந்த இடமோ அமெரிக்காவின் நாஷ்வில். கன்ட்ரி இசையின் தலைநகரான அந்த ஊரில், ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்துக்குள் ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடிப்பதுதான் தொழில். 1989இல் பென்சில்வேனியாவில் பிறந்த ஸ்விஃப்ட், பாட்டு எழுத வேண்டும் என்பதற்காகவே பதினாலு வயதில் குடும்பத்தோடு அந்த ஊர்ப் பக்கம் குடிபெயர்ந்தவர். முதல் ஆல்பம் 2006இல் வந்தது. சொந்தமாக எழுதுகிறாரா என்று சிலர் சந்தேகப்பட்டபோது, 2010இல் ‘ஸ்பீக் நவ்’ ஆல்பத்தின் பாட்டுகளைக் கூட்டு எழுத்தாளர் யாரும் இல்லாமல் தனியாகவே எழுதி வெளியிட்டார். பிறகு பாப் இசைக்கு மாறினார், சின்தசைஸர் சேர்ந்தது, பெரிய பெரிய தயாரிப்பாளர்கள் வந்தார்கள். ஆனாலும் எழுத்துதான் அவர் இசையின் முதுகெலும்பு. அவரைக் கேட்கும்போது நம் காது இசையமைப்பாளரை விட்டுவிட்டுக் கவிஞரைப் பிடிக்க வேண்டும்.

இதுவும் நமக்குப் புதுசில்லை. கண்ணதாசன் பாட்டு எதைப் பற்றிப் பேசினாலும், “இது அவர் இன்னாரை நினைத்து எழுதியது, அந்தச் சண்டைக்குப் பிறகு எழுதியது” என்று நம் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். சினிமாச் சூழலுக்காக எழுதிய வரியில்கூடக் கவிஞரின் சொந்த வாழ்க்கையைத் தேடுவது நம் ரசனையின் ஒரு பகுதியாகவே இருந்தது. உங்கள் மகளும் தோழிகளும் ஸ்விஃப்ட் வரிகளை வைத்துக்கொண்டு செய்யும் துப்பறியும் வேலை அதேதான்.

சரி, வரியில் எதைக் கவனிப்பது? மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பொருள்கள். ‘ஆல் டூ வெல்’ என்ற பாட்டில், பிரிந்துபோன காதலனின் அக்கா வீட்டில் மறந்து விட்டுவந்த ஒரு ஸ்கார்ஃப் வரும். காதல், துரோகம், வலி என்று பெரிய வார்த்தைகளை அடுக்காமல், அந்த ஒரு துணியைத் தொடக்கத்தில் வைத்துவிட்டு, பாட்டின் பிற்பகுதியில் அது யாரிடம் இருக்கிறது என்று காட்டுவார். நடுவில் நடந்ததெல்லாம் நமக்கே விளங்கிவிடும். 2012இல் ‘ரெட்’ ஆல்பத்தில் வந்த பாட்டு இது. 2021இல் இதன் முழு வடிவத்தை வெளியிட்டார். பத்து நிமிடம் 13 விநாடி. அது பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்துக்கு வந்த பாட்டுகளிலேயே மிக நீளமானது அதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முப்பது விநாடி ரீல்ஸுக்கு மேல் பொறுமை இல்லை என்று ஆசிரியர் அறையில் யாராவது அலுத்துக்கொண்டால் இந்தப் பாட்டைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘பிரிட்ஜ்’ என்று அவர்கள் சொல்லும் பகுதி. நம் பாட்டில் பல்லவி, சரணம், மறுபடி பல்லவி, இன்னொரு சரணம் என்று போகும். இரண்டு சரணத்துக்கும் பெரும்பாலும் ஒரே மெட்டு. மேற்கத்திய பாப் பாட்டில், நம் பல்லவி போன்ற கோரஸ் இரண்டாவது முறை முடிந்ததும், அதுவரை வராத மெட்டில் ஒரு பகுதி வரும். ஒரே ஒரு தடவைதான் வரும். ஸ்விஃப்ட் தன் கைவேலையை எல்லாம் இங்கேதான் காட்டுவார். அதுவரை சமாளித்துப் பேசிக்கொண்டிருந்த பெண், உள்ளே அடக்கி வைத்ததை இங்கே கொட்டிவிடுவாள். அது முடிந்து அதே பழைய கோரஸ் திரும்பும்போது, அதே வார்த்தைகளுக்கு வேறு அர்த்தம் வந்திருக்கும். 2019இல் வந்த ‘க்ரூயல் சம்மர்’ பாட்டின் பிரிட்ஜைக் கேளுங்கள். ஸ்டேடியத்தில் அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் சேர்ந்து கத்தும் இடம் அது. வெளியானபோது முதலிடத்தை எட்டாத அந்தப் பாட்டு, நான்கு வருஷம் கழித்து 2023இல் ‘எராஸ் டூர்’ கச்சேரிகளின் வேகத்தில் முதலிடத்துக்கு வந்தது. மகளின் அறையிலிருந்து திடீரென்று ஒரு கூச்சல் கேட்டால், ஏதோ ஒரு பிரிட்ஜ் வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, சொல்பவர் யார் என்பது. “காதலனைத் திட்டுகிறார், அழுகிறார்” என்ற உங்கள் குற்றச்சாட்டுக்குப் பதில் 2020 ஜூலையில் வந்த ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தில் இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இருந்து பாட, ஆரன் டெஸ்னர் என்ற இசைக்கலைஞர் நியூயார்க் மாநிலத்தில் தன் ஸ்டூடியோவில் இருந்து இசையை அனுப்ப, நேரில் சந்திக்காமலே உருவான ஆல்பம். அதில் ‘கார்டிகன்’, ‘ஆகஸ்ட்’, ‘பெட்டி’ என்று மூன்று பாட்டுகள். ஒரே முக்கோணக் காதலை மூன்று பேர் தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஏமாற்றப்பட்ட பெட்டி பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு கோடைவிடுமுறை மட்டும் அவனோடு இருந்த, பெயர் சொல்லப்படாத பெண் தன் பக்கத்தைச் சொல்கிறாள். தப்புச் செய்த பதினேழு வயதுப் பையன் ஜேம்ஸ் மன்னிப்புக் கேட்க வாசலில் வந்து நிற்கிறான். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், யாரை வில்லன் என்று சொல்வது என்று நமக்கே குழப்பம் வந்துவிடும். ஆணின் குரலிலும் போட்டியாளரின் குரலிலும் எழுதத் தெரிந்தவரை வெறும் டைரிக் குறிப்புக்காரர் என்று ஒதுக்க முடியாது.

இப்போது ‘மார்ஜரி’. அந்தப் பாட்டு உங்களை அசைத்ததற்கு உங்கள் அம்மாவின் பிரிவு ஒரு காரணம். இன்னொரு காரணம் அதன் கட்டுமானம். மார்ஜரி ஃபின்லே ஸ்விஃப்டின் அம்மாவைப் பெற்ற பாட்டி, ஆபெரா பாடகி. 2003இல் இறந்தபோது பேத்திக்கு வயது 13. 2020 டிசம்பரில் வந்த ‘எவர்மோர்’ ஆல்பத்தின் பதின்மூன்றாவது பாட்டாக இது இடம்பெற்றது. இறந்தவர்களைப் பற்றிய வழக்கமான புலம்பல் இதில் இல்லை. பாட்டி சொன்ன புத்திமதிகள், கேட்டு வைத்திருக்கலாமே என்று பிறகு தோன்றிய கேள்விகள், பத்திரப்படுத்தாமல் விட்ட சின்னச் சின்னத் தாள்கள், இவைதான் பாட்டு. முடிவை நெருங்கும்போது, பின்னால் மெல்லிசாக ஒரு பெண்குரல் கேட்கும். அது மார்ஜரியின் பழைய ஒலிப்பதிவு. இறந்தவர் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார் என்று வரி சொல்லும்போதே அவர் குரல் உள்ளே வந்துவிடுகிறது. அடுத்த தடவை ஹெட்போனில் கேளுங்கள். கார் இரைச்சலில் அது உங்கள் காதுக்குத் தப்பியிருக்கலாம்.

ஆக, “பாசத்தால்தான் பிடிக்கிறதா?” என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பாசம் உங்களைக் காரில் உட்காரவைத்தது. பிறகு நடந்தது உங்கள் காது செய்த வேலை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரஹ்மானின் ‘ரோஜா’ வந்த 1992இல் உங்களுக்குப் பதின்வயது. அப்போது வீட்டில் ஒரே ஒரு டேப்ரிக்கார்டர், அதுவும் கூடத்தில் இருந்திருக்கும். நீங்கள் போட்ட கேசட்டை அடுப்படியில் இருந்த அம்மாவும், திண்ணையில் பேப்பர் படித்த அப்பாவும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கேட்டார்கள். “என்ன சத்தம் இது” என்று திட்டியவர்களே ஆறு மாதத்தில் அதை முணுமுணுத்திருப்பார்கள். எந்தப் புது இசையும் காதில் நாலைந்து முறை விழுந்த பிறகுதான் பழகும். ஹெட்போன் வந்ததும் அந்த வழி அடைபட்டுவிட்டது. இன்று ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று இசையில் வாழ முடிகிறது. ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் தற்செயலாக விழுவதற்கு வாய்ப்பே இல்லை. அதனால் “இந்தத் தலைமுறைப் பாட்டு எனக்குப் புரியவில்லை” என்று சொல்லும் பெற்றோரில் பலர் உண்மையில் அதைக் கேட்டதே இல்லை. கார் ஸ்பீக்கர் உங்களுக்குச் செய்த உதவியை வீட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொடர்ந்து செய்யும். சாயங்காலம் அரைமணி நேரம் அவள் பாட்டு கூடத்தில் ஓடட்டும்.

இரண்டாவது கேள்வி, எங்கே தொடங்குவது. ஆல்பம் ஆல்பமாக வரிசையில் போக வேண்டாம். பத்துக்கு மேல் இருக்கின்றன, சலித்துவிடும். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு கேளுங்கள். முதலில் 2008இல் வந்த ‘லவ் ஸ்டோரி’. ரோமியோ ஜூலியட் கதையை எடுத்து, சாவுக்குப் பதிலாகக் கல்யாணத்தில் முடித்திருப்பார். கடைசிக் கோரஸில் சுருதி ஏறுவதைக் ராஜா பாட்டில் வளர்ந்த நீங்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். அதே ஆல்பத்தில் ‘தி பெஸ்ட் டே’. தோழிகள் ஒதுக்கிவைத்த நாளில் தன்னைக் காரில் ஏற்றி ஊர்சுற்றிக் காட்டிய அம்மாவுக்காக எழுதியது. பிறகு பத்து நிமிட ‘ஆல் டூ வெல்’. அடுத்து மேலே சொன்ன முக்கோணக் காதல் பாட்டுகள் மூன்றும். பிறகு ‘தி லாஸ்ட் கிரேட் அமெரிக்கன் டைனஸ்டி’. ரெபேக்கா ஹார்க்னஸ் என்ற பணக்காரச் சீமாட்டியை ஊரே வம்பு பேசிய கதை. ரோட் ஐலண்டில் அவர் வாழ்ந்த கடலோர மாளிகையைப் பின்னாளில் வாங்கியவர் யார் என்பது பாட்டின் கடைசியில் தெரியும். சிறுகதை வாசகராக இருந்தால் அந்தத் திருப்பத்தை ரசிப்பீர்கள். முடிவாக ‘எபிஃபனி’. 1942இல் குவாடல்கனால் தீவில் போரிட்ட தன் தாத்தாவையும், கொரோனா வார்டில் நின்ற மருத்துவப் பணியாளர்களையும் ஒரே பாட்டில் வைத்திருப்பார். ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தின் பதின்மூன்றாவது பாட்டு அது. அங்கே தாத்தா, அடுத்த ஆல்பத்தில் அதே எண்ணில் பாட்டி. ‘ஃபோக்லோர்’ பாட்டுகள் எப்படி உருவாயின என்று ஸ்விஃப்டும் டெஸ்னரும் இன்னொரு தயாரிப்பாளரான ஜாக் அன்டனாஃபும் உட்கார்ந்து பேசுகிற ‘லாங் பாண்ட் ஸ்டூடியோ செஷன்ஸ்’ என்ற 2020ஆம் வருஷப் படத்தை மகளோடு சேர்ந்தே பார்க்கலாம்.

கேட்கும்போது, “டெய்லர்ஸ் வெர்ஷன் போடும்மா, பழசைப் போடாதே” என்று மகள் அதட்டக்கூடும். அதன் பின்னணி தெரிந்திருப்பது நல்லது. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு: வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவுகள் அவர் ஒப்பந்தம் செய்திருந்த கம்பெனியிடம் இருந்தன. 2019இல் அந்தக் கம்பெனியே விற்கப்பட்டபோது பதிவுகளும் கைமாறின. அடுத்த வருஷம் மறுபடி வேறு கைக்குப் போயின. எழுதியவர் என்ற உரிமை அவரிடம் இருந்ததால், அதே பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிந்து, 2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பங்களை ‘டெய்லர்ஸ் வெர்ஷன்’ என்ற பெயரில் வெளியிட்டார். ரசிகர்கள் பழையதை விட்டுப் புதியதற்கு மாறினார்கள். கடைசியில் 2025 மே மாதம் மூலப் பதிவுகளையும் விலைகொடுத்து வாங்கிவிட்டார். நம் ஊரிலும் இதே கேள்வி எழுந்தது. 2017இல் எஸ்.பி.பி.யின் வெளிநாட்டுக் கச்சேரிகளின்போது இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதும், “பாட்டு யாருக்குச் சொந்தம்?” என்று நம் டீக்கடைகள் வரை விவாதம் நடந்தது. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகளுக்குக் காப்புரிமைச் சட்டத்தில் பாதி இந்நேரம் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஒரு தாயாக நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபோக்லோர்’ தொடங்கி அவர் ஆல்பங்களில் சில பாட்டுகளுக்குக் கெட்டவார்த்தை எச்சரிக்கை முத்திரை உண்டு. குடியும் உடலுறவும் பேசும் வரிகளும் இருக்கின்றன. எழுதுகிறவர் முப்பதைத் தாண்டிய பெண். இதற்காக ஹெட்போனைப் பிடுங்கினால் அவள் ஒளித்துக் கேட்பாள். பேசிக்கொள்ளலாம். அதேபோல, ஒரே ஆல்பத்தை வெவ்வேறு அட்டையிலும் ஒன்றிரண்டு கூடுதல் பாட்டோடும் திரும்பத் திரும்ப விற்பது, சொந்த விமானப் பயணங்கள் ஆகியவற்றுக்காக அவர்மேல் விமர்சனங்கள் உண்டு. பிடித்தவரை விமர்சிக்கவும் தெரிய வேண்டும் என்பதை இந்தச் சாக்கில் பழகிக்கொள்ளலாம், இருவருமே.

மூன்றாவது கேள்வி: மகளிடம் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ரசிகையாகிவிட வேண்டாம். பதினாறு வயதில் பிள்ளைகளுக்குத் தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும்; அவளுக்கு இந்த இசை அந்த இடம். நீங்களும் பாசிக்கயிறு கட்டிக்கொண்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஸ்விஃப்டை வைத்தால், அவள் வேறு பாடகரைத் தேடிப் போய்விடுவாள். கேட்பவராக இருங்கள், போதும். “எனக்குப் பிடித்திருக்கிறது” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “‘பெட்டி’ பாட்டில் அந்தப் பையன் உண்மையிலேயே வருந்துகிறானா, இல்லை சாக்குச் சொல்கிறானா?” என்று கேளுங்கள். பதில் அரைமணி நேரம் வரும்.

இரண்டு காரியம் மட்டும் செய்யாதீர்கள். எந்தப் பாட்டையும் புத்திமதி சொல்லப் பயன்படுத்தாதீர்கள். “பார்த்தியா, அவளே சொல்றா” என்று ஒரு முறை சொன்னால் அந்தப் பாட்டு அவளுக்குச் செத்துவிடும். அவள் எந்தக் காதல் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று வேவு பார்த்து, “யாருடி அது?” என்றும் கேட்காதீர்கள். பாட்டில் அழுவதற்குச் சொந்தமாக ஒரு காதல் தேவையில்லை. நம் பதின்வயதில் காதல் தோல்விப் பாட்டு கேட்டு உருகியவர்களில் எத்தனை பேர் அப்போது காதலித்தார்கள்?

உங்களுக்கு ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதைப் போட்டாலும் “சூப்பர்டா” என்று தலையாட்டும் அம்மா உண்மையில் கேட்கவில்லை என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

பதிலுக்கு உங்கள் பாட்டு ஒன்றைக் கேட்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவள் காதுக்கு ஏற்றதாக எடுங்கள். வாத்தியக்கோவைக்குப் பேர்போன பாட்டில் தொடங்காதீர்கள். நான் சொல்வது, 1985இல் வந்த ‘சிந்து பைரவி’. முதலில் படத்தையே போட்டுக் காட்டுங்கள். மேடையில் பெரிய வித்வான் ஜே.கே.பி.; கேட்பவர்களுக்குப் புரிகிற தமிழில் ஏன் பாடக்கூடாது என்று சிந்து எழுந்து கேட்பாள். பாட்டில் வார்த்தை முக்கியமா, இசை முக்கியமா என்று உங்கள் வீட்டில் நடக்க வேண்டிய விவாதம் அந்தப் படத்திலேயே தயாராக இருக்கிறது. மகள் சிந்துவின் கட்சியில்தான் நிற்பாள். நீங்கள் இந்நேரம் எந்தக் கட்சி என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.